தனியாகத்தான் போகிறேன்

பணி ஓய்வு பெற்றவர்கள் ஐரோப்பா பார்க்க வேண்டுமென்றால் இரண்டே வழிதான் என்று நம் ஊரில் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பிள்ளையோ பெண்ணோ அங்கே வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'பத்து நாளில் ஏழு நாடு' என்று விளம்பரம் செய்கிற குழுப் பயணத்தில் பணம் கட்டிச் சேர வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பது என் கட்சி. அறுபதைத் தாண்டியவர், உடம்பு ஓரளவு ஒத்துழைத்தால், தனியாகவே மூன்று வாரம் போய் வரலாம். சிலருக்கு அதுதான் சரியான வழி என்றும் சொல்வேன்.

எனக்கு வயது 66. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் உண்டு, மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது. காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். மே 30 கிளம்பி ஜூன் 22 அங்கிருந்து திரும்புவதாகத் திட்டம். இன்னும் விசா வாங்கவில்லை. ஆகவே இது பயணக் கட்டுரை அல்ல. போவதற்கு முன்னால் எழுதும் விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கம் யாருக்கு? முதலில் என் மகனுக்கு. அவன் புனேயில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்ன அன்று, "என்னப்பா சொல்லுதீய? இந்த வயசுல தனியாவா? வேணும்னா குரூப் டூர் போங்க, நான் பணம் கட்டுதேன்" என்றான். அவன் கவலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் அப்பா அறுபத்தாறு வயதில் இப்படிக் கிளம்பியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மகள் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறாள். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். மாடிப்படி ஏறுவதே சிரமம். "நானும் வந்தா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். என் காலு இனி வராது. உங்க காலு வரும்போதே போய்ட்டு வந்திருங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த மூன்று வாரமும் அம்பாசமுத்திரத்தில் தன் அக்கா வீட்டில் இருப்பதாக ஏற்பாடும் செய்துகொண்டாள்.

அவள் சொன்னதில்தான் இந்த விஷயத்தின் அவசரம் இருக்கிறது. பணம் நாளைக்கும் இருக்கும். ஐரோப்பாவும் இருக்கும். கால் இருக்குமா என்பதுதான் கேள்வி. துணை கிடைக்கட்டும், பிள்ளைக்கு லீவு கிடைக்கட்டும், பேரன் பெரியவனாகட்டும் என்று தள்ளிப்போட்ட எத்தனையோ பயணங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. தள்ளிப்போட்டவர்களில் பலர் இப்போது வாசல் திண்ணையைத் தாண்டுவதில்லை.

ஏன் குழுவோடு போகவில்லை என்பதைச் சொல்ல, நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ரயில்வே மெயில் சர்வீஸ் என்கிற ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரிக்கும் வேலை. முக்கால்வாசி இரவு வேலைதான். ஓடும் ரயிலில் அஞ்சல் பெட்டிக்குள் நின்றுகொண்டே, சுவரில் இருக்கும் அறை அறையான அடுக்குகளில் கடிதங்களைப் போட்டுக்கொண்டே போவோம். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் எல்லாம் எனக்குப் பைகளின் பெயராகத்தான் நெடுங்காலம் தெரியும். ஊரைப் பார்த்தது கிடையாது. ஆயிரக்கணக்கான மைல் போயிருக்கிறேன், ஜன்னல் ஓரத்தில் உட்காராமல். வளைகுடாவிலிருந்து காயல்பட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் மேலப்பாளையத்துக்கும் வரும் விமான அஞ்சல் உறைகளைக் கையில் பிடிக்கும்போது, இது எங்கெங்கே கைமாறி வந்திருக்கும் என்று யோசிப்பேன்.

அந்த யோசனைக்கு விடை பெர்ன் நகரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தலைநகர். 1874க்கு முன்னால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடிதம் போக வேண்டுமானால், அந்த நாடுகள் தங்களுக்குள் தனித்தனியாக உடன்பாடு செய்திருக்க வேண்டும். வழியில் கடக்கும் நாட்டுக்கும் தனிக் கட்டணக் கணக்கு. இந்தத் தலைவலியைத் தீர்க்க 22 நாடுகள் பெர்னில் கூடி, 1874 அக்டோபர் 9 அன்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் உலக அஞ்சல் ஒன்றியம். கடிதத்தைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே நாடு என்பது அதன் அடிப்படை விதி. இந்தியா 1876ல் சேர்ந்தது. அக்டோபர் 9ஐ உலக அஞ்சல் தினமாக நாங்கள் ஆண்டுதோறும் அலுவலகத்தில் கொண்டாடுவோம். பெர்னில் இதற்காக 1909ல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். பூமி உருண்டையைச் சுற்றி ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஐந்து பெண்கள் மிதந்தபடி கைக்குக் கை கடிதம் கொடுப்பதுபோன்ற சிலை. அஞ்சல் துறையில் இருந்தவர்களுக்கு அது காகிதங்களில் பார்த்துப் பழகிய சின்னம். அதை நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும். அதே ஊரில் தகவல் தொடர்பு அருங்காட்சியகமும் இருக்கிறது, தபால்தலைகளின் பெரிய சேகரிப்போடு.

இப்போது சொல்லுங்கள். எந்தக் குழுப் பயணம் என்னை அந்தச் சிலையின் முன்னால் அரை நாள் உட்கார விடும்? பஸ்ஸில் இருக்கும் மற்ற நாற்பது பேருக்கு அது என்ன பாவம் செய்தது?

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஐரோப்பா இருக்கிறது. அது அவரவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வருவது. ஈபிள் கோபுரம், ஆல்ப்ஸ் பனி, பைசா சாய்ந்த கோபுரம் என்று எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த பட்டியலில் அது இருக்காது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஜி.யு. போப்பின் கல்லறை இருக்கிறது. நம் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்திய அதே போப்தான். 1908ல் காலமாகி அங்கே அடக்கமானார். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவருக்கு ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர் இருக்கிறது. மதுரா கோட்ஸ் என்ற பெயரில் உள்ள 'கோட்ஸ்' குடும்பம் நூல் நூற்ற ஊர் அது. செவிலியராக இருந்தவருக்கு லண்டனில் நைட்டிங்கேல் அருங்காட்சியகம். இவை எதுவும் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு முக்கியம் இல்லை. உங்களுக்கு மட்டும்தான் முக்கியம். அதனால்தான் தனியாகப் போக வேண்டியிருக்கிறது.

என் ஐரோப்பா மூன்றே ஊர். பெர்னில் 12 இரவு, லக்சம்பர்க்கில் 4, பாரிஸில் 6. மொத்தம் 22 இரவு.

லக்சம்பர்க் எதற்கு என்று கேட்பீர்கள். ஷெங்கன் விசா, ஷெங்கன் விசா என்கிறோமே, அந்த ஷெங்கன் அங்கே மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். லக்சம்பர்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றின் எல்லையும் சேரும் இடம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஆற்றில் ஒரு கப்பலில் உட்கார்ந்து, தங்களுக்கு இடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்று கையெழுத்துப் போட்டார்கள். இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றுகிறது. ஒரே தபால்தலையோடு எல்லைகளைத் தாண்டும் சுதந்திரம் கடிதத்துக்கு 1874ல் கிடைத்துவிட்டது. அதேபோல ஒன்று அந்த நாட்டு மனிதர்களுக்குக் கிடைக்க 111 வருடம் கழிய வேண்டியிருந்தது. ஜூன் 14 அன்று அந்தக் கிராமத்தில் இருப்பதுபோலத்தான் நாள் குறித்திருக்கிறேன். இன்னொரு சௌகரியம், லக்சம்பர்க் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு எல்லாம் 2020 முதல் இலவசம். பாரிஸில் எனக்கு முக்கியமானது அஞ்சல் அருங்காட்சியகம். மற்றதைக் கால் போன போக்கில் பார்ப்பேன்.

பெர்னில் ஏன் 12 நாள் என்றால் சிலைக்காக மட்டும் இல்லை, ஆற்றுக்காகவும். பழைய பெர்ன் நகரத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது ஆரே ஆறு. நம் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை என்று நாம் பெருமையாகச் சொல்வோம் அல்லவா? ஆரேயும் அப்படித்தான். சுவிட்சர்லாந்துக்குள்ளேயே பிறந்து, அங்கேயே ரைன் நதியில் சேர்ந்துவிடுகிறது. கோடையில் பெர்ன்காரர்கள் அலுவலகம் விட்டதும் ஆற்றில் இறங்கி மிதந்தே போவார்களாம். குறுக்குத்துறையில் முங்கிக் குளித்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? ஆனால் பனி உருகி வரும் தண்ணீர், இழுப்பும் அதிகம். ஆகவே மகனுக்கு எழுத்து மூலமாகவே உறுதி கொடுத்திருக்கிறேன்: கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பேன்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

'உடம்புக்கு ஏதாவது வந்தால்?' நியாயமான கேள்வி. வீட்டில் இருக்கும்போது மட்டும் வராதா என்று குதர்க்கமாகப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. வெளிநாட்டில் வந்தால் செலவு பயங்கரம் என்பது உண்மை. ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் நம் வயதுக்காரர்கள் தொகையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் எழுதி, அதையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசியைத் தேடி வாங்க வேண்டும். பிரீமியம் கூடத்தான் செய்யும். தனியாகப் போகிறவர் சிக்கனம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இது. மாத்திரைகளை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கு கைப்பையில், ஒரு பங்கு பெட்டியில், அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு வைக்க வேண்டும். கோடையில் அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆபத்துக்கு 112 என்ற எண் இந்த மூன்று நாட்டிலும் வேலை செய்யும்.

'மொழி தெரியாதே?' இதற்காகவே ஒத்திகை பார்த்தேன். போன டிசம்பரில் தனியாகக் கொல்கத்தா போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன். எனக்கு வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது, இந்தியும் அரைகுறை. டிராம் ஏறினேன், தலைமை அஞ்சலகத்தைப் பார்த்தேன், ஹூக்ளிக் கரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் செல்போன், சட்டைப்பையில் தங்கும் இடத்தின் முகவரி எழுதிய காகிதம், இவை போதுமாக இருந்தன. பெட்டி எட்டு கிலோவுக்கு மேல் இருந்தால் என் தோள் ஒத்துக்கொள்ளாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஐரோப்பா போக நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் மொழி தெரியாத ஓர் இந்திய ஊரில் ஒரு வாரம் தனியாக இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் சில ஆயிரத்தோடு போயிற்று. பிடித்துவிட்டால் பாதிப் பயம் போயிற்று.

'சாப்பாடு?' பெர்ன் ஈழத் தமிழர்கள் வாழும் ஊர். அங்கே பல மதங்களின் வழிபாட்டிடங்களை ஒரே கூரையின் கீழ் கொண்ட ஒரு கட்டடம் 2014ல் திறக்கப்பட்டது. அதில் ஞானலிங்கேச்சுரர் கோயிலும் இருக்கிறது. தமிழில் வழிபாடு நடத்துகிறார்கள். பாரிஸில் லா ஷப்பேல் பகுதிக்குப் போனால் தெருவெல்லாம் தமிழ்ப் பலகை என்கிறார்கள். மற்ற நாள்களில் சோறும் தயிரும் நானே பார்த்துக்கொள்வேன், அதனால்தான் சமையல் வசதி உள்ள அறையாகப் பார்க்கிறேன். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் ஏறும். இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை இருப்பதால் நெய் சொட்டும் அல்வாவை வைத்து வம்பு வளர்க்கப் போவதில்லை.

'அவ்வளவு பணமா?' என் கணக்கில் நாலரை லட்சம் வருகிறது. பாதி தங்கும் செலவு. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, சுவிஸ் பிராங்க் அதற்கும் மேலே. சொந்தக்காரர் ஒருவர், "அந்தப் பணத்துல மச்சுல ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாமே" என்றார். விடலாம். வாடகைக்கு வருகிறவர் நன்றாக இருப்பார். பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, கடனும் அடைத்த பிறகு மிஞ்சியது இது. இதிலும் ஒரு பங்கு எனக்கு இல்லை என்றால் நாற்பது வருடம் இரவில் கண் விழித்ததற்கு என்ன கணக்கு?

இந்தச் செலவைக் குறைக்கும் சூத்திரமும் ஊர்களைக் குறைப்பதுதான். அதிக ஊர் என்றால் அதிக டிக்கெட். பல நாடு சுற்றுகிறவர்கள் யூரெயில் பாஸ் வாங்குவார்கள், அறுபது வயதானவர்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. ஆனாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இடத்துக்குத் தனியாக முன்பதிவு செய்து காசு கட்ட வேண்டும். என்னைப் போல மூன்றே மூன்று நீண்ட ரயில் பயணம் செய்கிறவருக்கு, தேதி முடிவானதும் தனித்தனி டிக்கெட்டாக முன்கூட்டியே எடுப்பதுதான் லாபம். சூரிச் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். அங்கிருந்து பெர்ன் ஒன்றேகால் மணி நேரம். பெர்னில் விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஊருக்குள் பஸ், டிராம் பயணத்துக்கு இலவசச் சீட்டு கொடுத்துவிடுகிறார்கள். குடிதண்ணீருக்கும் செலவு இல்லை. ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட பொது நீரூற்றுகள், பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

விசா விவகாரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயன்படும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அது சுவிட்சர்லாந்து. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் கடைசி நேரத்துக்கு வைக்கக் கூடாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், அங்கிருந்து திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடி ஆவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கைரேகை கொடுக்கச் சென்னைக்கு நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்கு அதையே வைத்துக்கொள்வார்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இந்த விசா செல்லாது. ஆகவே போப்பைப் பார்க்கப் போகிற தமிழாசிரியர் தனி விசா எடுக்க வேண்டும்.

நமக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, லீவு அனுமதிக் கடிதமும் இல்லை. அதற்குப் பதில் ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம். 'இவர் திரும்பி வருவாரா?' என்பதுதான் அதிகாரியின் முதல் சந்தேகம். பாளையங்கோட்டையில் சொந்த வீடு, வீட்டில் மனைவி, மாதாமாதம் பென்ஷன், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய கடமை, இத்தனையையும் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வராமல் எங்கே போவேன்? குற்றாலத்தில் ஜூலைச் சாரல் வேறு காத்திருக்கிறது.

இன்னும் இரண்டு சின்னக் குறிப்பு. அங்கே பணம் எடுக்கும் இயந்திரமோ கடையோ 'ரூபாயில் கழிக்கட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள். ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம் நமக்குத்தான். செல்போன் திட்டம் வாங்கும்போது சுவிட்சர்லாந்து அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் சில திட்டங்களில் விட்டுப்போகும்.

தனியாகப் போவது நம் மரபு இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். எந்த மரபு, அண்ணாச்சி? ஏ.கே. செட்டியார் தனி ஆளாகத்தான் உலகம் சுற்றினார். 1937ல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அப்போது வயது 25. நாடு நாடாக அலைந்து பழைய படச்சுருள்களைச் சேகரித்து 1940ல் படத்தை வெளியிட்டார். கூட நாலு பேர் சீட்டாடிக்கொண்டு வந்திருந்தால் அந்த எண்ணம் வந்திருக்குமா என்பது என் சந்தேகம். நம் பக்கத்துக்கே வந்தால், கால்டுவெல் 1841ல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே இடையன்குடி வந்து சேர்ந்தவர். நமக்குத் தெரியாத மொழி பேசும் ஊருக்குள் அந்நியர் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நம் மாவட்டத்துத் தேரிக்காடே பதில் சொல்லும். சோறு போட்டோம், பேச்சுக் கற்றுக்கொடுத்தோம். அங்கேயும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள்?

குழுப் பயணத்தைக் கேவலமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பெட்டியைத் தூக்க முடியாதவர்களுக்கு, செல்போனோடு ஒத்துப்போகாதவர்களுக்கு, சாப்பாட்டு நேரம் தப்பினால் மயங்கி விழுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நானும் என் மனைவியும் காசிக்குக் குழுவோடுதான் போய் வந்தோம். பாதுகாப்பாகக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார்கள். கங்கையில் அவள் இன்னும் பத்து நிமிடம் நிற்க ஆசைப்பட்டாள். அதற்குள் பஸ் கிளம்புகிறது என்று விசில் ஊதிவிட்டார்கள். யார் மீதும் தப்பில்லை, நாற்பது பேரை வைத்துக்கொண்டு அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் இன்னொரு தடவை விசிலுக்கு நடக்க எனக்கு மனமில்லை.

இது ஆண்களுக்கு மட்டும் சொல்வதும் இல்லை. ஓய்வு பெற்ற டீச்சர்கள், நர்சுகள் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்! கையில் பென்ஷன் இருக்கிறது, ஆரோக்கியம் இருக்கிறது. எனக்காவது மகன் ஒருவன்தான் தடை. அவர்களுக்கு மகன், மருமகள், அண்ணன், தெரு என்று பத்துத் தடை. நான் தனியாகப் போகலாம் என்றால் அவர்களும் போகலாம். என் மனைவிக்கும் ஆசைப்பட்ட இடம் ஒன்று உண்டு. சிதம்பரத்தில் பத்து நாள் தங்கி தினமும் கோயிலுக்குப் போக வேண்டும், கூட நான்கூட வேண்டாமாம். நான் திரும்பி வந்ததும் அந்த ஏற்பாடு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு ஆபத்து வரக்கூடாது என்று நினைப்பது பாசம். ஆனால் ஆபத்தே வராத வாழ்க்கை என்று பார்த்தால் நாற்காலியும் டிவியும்தான் மிஞ்சும். 'போகாதீங்க' என்று சொல்வதற்குப் பதில், 'எப்படிப் போவீங்க, காட்டுங்க' என்று கேளுங்கள். திட்டம் ஓட்டையாக இருந்தால் சொல்லுங்கள், அடைத்துக்கொள்கிறோம். வயதானவர்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 'என் இஷ்டம்' என்று முறுக்கிக்கொண்டு கிளம்புவது சரியில்லை. வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கும்படி காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நம் கடமை.

நான் மகனுக்கு ஆறு பக்கம் அனுப்பியிருக்கிறேன். எந்த இரவு எந்த அறை, எந்த ரயில், காப்பீட்டு எண், டாக்டர் எண், பெர்னில் இருக்கும் நம் தூதரகத்தின் எண் எல்லாம் அதில் உண்டு. தினமும் அங்கே காலை எட்டு மணிக்கு, அதாவது இங்கே பதினொன்றரைக்கு, அம்மாவுக்குப் போன். அதிலிருந்து இரண்டு மணி நேரம் தாண்டியும் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று ராத்திரி ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: "லக்சம்பர்க் போற அன்னைக்கு ரெண்டு எடத்துல வண்டி மாறணும்போல இருக்கே, நடுவுல இருபது நிமிஷம் போதுமா?"

போதாதுதான். அடுத்த வண்டிக்கு மாற்றிவிட்டேன். கைரேகை கொடுக்க வரும் புதன்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை கிளம்புகிறேன்.